ஆறெழுத்தில் ஆற்றை மறிப்பது

பட்டணத்துப் பத்திரிகையில் வந்த குறுக்கெழுத்துப் போட்டி, மதுரைக் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த ஹாலாஸ்யத்தை மூன்று நாளாகப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஆற்றை மறித்து நிற்பது, இங்கிலீஷில் ஆறெழுத்து. முதலில் ஏ, நான்காவது சி, கடைசியில் டி. 'டேம்' என்று போட்டால் மூன்றெழுத்தோடு நின்றுவிடுகிறது. கையகல அகராதியில் ஏ-யை முழுக்கப் புரட்டியாயிற்று. வெள்ளைக்காரன் அந்த வார்த்தையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறானோ என்று அவருக்கு ஒரே குடைச்சல்.

திருமங்கலத்துப் பக்கம் பயிர் வைக்கும் சம்சாரி நல்லகாமன் மேஜைக்கு எதிரே வந்து நின்றார்.

"சாமி, வக்கீல் வீட்ல எழுதி வாங்கியாந்த மனு. குடுத்து நாலு மாசமாச்சு. தண்ணி அம்புட்டும் வீணாப் போகுது."

"எங்கே வெச்சேன்னு பாக்கணும்" என்றார் ஹாலாஸ்யம், கட்டங்களிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு, வந்தவரை அனுப்பிவைத்தால் போதுமென்று, மனுவைத் தேடப் பத்திரிகையைத் தூக்கினார். எழுத வாகாக இருக்கட்டும் என்று அடியில் மடித்து வைத்திருந்த காகிதம்தான் அந்த மனு. இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. முதல் வரியிலேயே ஒரு சொல்லில் கண் நின்றது. ஏ, என், ஐ, சி, யு, டி.

"அனிகட்" என்று வாய்விட்டுப் படித்தார்.

"அணைக்கட்டு, சாமி. அதுக்குத்தான மனுக் குடுத்துட்டு நிக்கிறேன்."

ஹாலாஸ்யம் விரல் விட்டு எண்ணினார். ஆறு. மனுவைப் பழையபடி அடியில் வைத்து, பத்திரிகையை மேலே பரப்பி, ஆறு கட்டங்களையும் நிரப்பினார்.

"எழுதிட்டீகளா, சாமி?"

"எழுதிட்டேன்."

நல்லகாமன் கையெடுத்துக் கும்பிட்டார். ஊரில் எல்லோரிடமும் சொல்ல வேண்டுமென்று வேகமாகப் படியிறங்கினார்.