கேமராவுக்கு மட்டும் ஓட்டை

எங்கள் முதலாளி ரஃபி அகமது சாருக்கு ஒரு வியாதி உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் எதைக் கேட்டாலும் "நோ ப்ராப்ளம்" என்று சொல்லிவிடுவார். அவருக்கு அது இரண்டே வார்த்தை. அதைச் செய்து முடிக்க, ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் நானூறு பெண்களும் ஞாயிற்றுக்கிழமைகூட பஸ் பிடித்து வந்து மெஷின் முன்னால் உட்கார வேண்டும்.

என் பெயர் இவாஞ்சலின். ஒன்பது வருடமாக ஆர்டர், சாம்பிள், ஷூ வாங்கும் வெளிநாட்டுப் பையருக்குப் போகும் மெயில் எல்லாம் என் மேஜை வழியாகத்தான். வரும் பன்னிரண்டாம் தேதி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எனக்கு நிச்சயதார்த்தம். இது மூன்றாவது தேதி. முதல் தேதியை ஓர் இத்தாலிக்காரரும் இரண்டாவதை ஒரு பிரெஞ்சுக்காரரும் தின்றுவிட்டார்கள். இரண்டு முறையும் சார் நோ ப்ராப்ளம் சொன்னார், நான் ஞாயிற்றுக்கிழமை அட்டைப்பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா ரோஸ் அத்தை காட்பாடியிலிருந்து போன் செய்தார்.

"இவா, உன்ன குத்தம் சொல்லல. இந்தத் தடவையும் தள்ளிப்போச்சுன்னா நாங்க வேற எடம் பாக்குறோம்மா."

தன்மையாகத்தான் சொன்னார். அதனால்தான் காலண்டரில் பன்னிரண்டைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டேன்.

இந்த நேரத்தில் சாருக்குப் புது லேப்டாப் வந்தது. உலகத்துக்கே தோல் போடுகிற நாம் ஒரு லேப்டாப்பை இப்படி வெறும் தகரமாக வைத்திருக்கலாமா என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கட்டிங் பிரிவின் தலைவர் வாஹித் பாஷாவைக் கூப்பிட்டார். அவர் பழுப்பு நிற ஆட்டுத்தோலைக் காகிதம் போல மெலிதாகச் சீவி, மூடி, கை வைக்கும் இடம், திரையைச் சுற்றியிருக்கும் பட்டை என்று ஓர் இடம் விடாமல் பசை தடவி ஒட்டினார். கேமராவுக்கு மட்டும் வட்டமாக ஓட்டை வெட்டினார். வேலை கன கச்சிதம். ஆபீஸே கை தட்டியது. நானும்தான் தட்டினேன்.

திங்கட்கிழமை மதியம் ஜெர்மனி பையர் ஹைக்கே மேடத்துடன் வீடியோ கால். அவர் முகம் தெரிந்தது, குரல் கேட்டது. சார் பேசினார், அங்கே எதுவும் போகவில்லை. ஹைக்கே மேடம் காதைத் தொட்டுக் காட்டி உதட்டைப் பிதுக்கினார்.

கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் நெல்வின் ஓடி வந்தான். மியூட் ஆகியிருக்கிறதா என்று பார்த்தான், இல்லை. மைக்குக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்த்தான், கொடுத்திருந்தது. டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டான். கடைசியில், எல்லாக் கம்ப்யூட்டர்காரர்களும் போய்ச் சேரும் இடத்துக்கு அவனும் போய்ச் சேர்ந்தான். ரீஸ்டார்ட் செய்தான். லேப்டாப் உடனே அப்டேட் செய்ய ஆரம்பித்து, பத்தொன்பது நிமிடம் ஒரு வட்டத்தைச் சுற்றிக் காட்டியது. திரும்பி வந்ததும் சாரின் குரலைப் பதிவு செய்து கேட்டுப் பார்த்தோம். பக்கத்துத் தெருவில் யாரோ சண்டை போடுவது போல் கேட்டது.

நெல்வின் தன் ஹெட்செட்டைச் செருகி சாரின் தலையில் மாட்டினான். அதில் நன்றாக வேலை செய்தது. ஆனால் சார் அதைக் கழற்றி மேஜையில் போட்டார்.

"நான் இன்னா கால் சென்டர் பையனா? எடு அத."

மேனேஜர் சமீருல்லாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் கருத்துச் சொல்லாமல் இருக்கவும் தெரியாது. வோல்டேஜ் கம்மியாக இருக்கிறது, ஏசியை நிறுத்தினால் மைக் எழுந்துவிடும் என்றார். அது வேலூர்ப் பக்கத்துக்கே பேர் போன வெயில் மதியம். ஏசி நின்றது. மைக் எழவில்லை. சார் குரலை உயர்த்திப் பார்த்தார். பேக்கிங் பிரிவு வரைக்கும் கேட்டது, ஜெர்மனிக்குக் கேட்கவில்லை.

கடைசியில் தொண்டை கட்டிப்போய், வியர்வையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் சாட்டில் டைப் அடிக்க வேண்டும்.

அப்போதுதான் அந்த லேப்டாப்பை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். கேமரா ஓட்டைக்கு இரண்டு பக்கமும் தோலில் குண்டூசி முனை அளவுக்குச் சின்னச் சின்னப் பள்ளம். என் பழைய லேப்டாப்பிலும் அதே இடத்தில் இரண்டு துளை உண்டு, அதுதான் மைக். இவ்வளவு நேரம் நாங்கள் தேடியது வாஹித் பாஷாவின் தோலுக்கு அடியில் மூச்சு முட்டிக் கிடந்தது. என் துப்பட்டாவில் ஊக்கு இருந்தது. ஒரு குத்துக் குத்தினால் சரியாகிவிடும். கழற்றிக் கையில் எடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஹைக்கே மேடம் கேட்டார். இருபத்து நாலாம் தேதி அனுப்ப வேண்டிய சரக்கைப் பதினாலாம் தேதியே அனுப்ப முடியுமா?

பதினாலு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு என்னுடையது. ஊக்கை மூடி மடியில் போட்டுக்கொண்டேன்.

சார் என் பக்கம் திரும்பி, "போடும்மா, நோ ப்ராப்ளம்னு போடு" என்றார்.

நான் மறுக்கவில்லை. மெதுவாக அடித்தேன், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு டைப் அடிக்கிற எனக்கு அன்றைக்கு முதல் எழுத்து எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தேடினேன். சார் நெற்றியைத் துடைத்தார். மறுபடியும் என்னிடம் குனிந்து, எரிச்சலாக ஏதோ சொன்னார். நான் இன்னும் தேடினேன்.

அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிந்திருக்கும்? வேர்த்து விறுவிறுத்த ஒரு முதலாளி, முகம் சுளித்து, பதில் சொல்லாமல், தன் அலுவலரோடு ஆலோசனை செய்கிறார். ஹைக்கே மேடத்துக்குச் சங்கடமாகிவிட்டது.

"மிஸ்டர் அகமது, உங்கள் கஷ்டம் புரிகிறது. நான் கேட்டிருக்கக் கூடாது. இருபத்து நாலே இருக்கட்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சார் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். முப்பது வருட வியாபாரத்தில் ஒரு பையர் தானாக இறங்கி வந்து அவர் பார்த்ததில்லை.

கால் முடிந்ததும் தோலுக்கு அடியில் இருக்கும் துளையைக் காட்டிவிட்டேன். நெல்வின் முகம் தொங்கிப்போனது. வாஹித் பாஷா துளை போடும் உளியோடு வந்து நின்றார். சார் அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"வாணாம். அப்டியே இருக்கட்டும்."

சாயந்திரத்துக்குள் கதை மாறிவிட்டது. தான் வேண்டுமென்றேதான் வாயைத் திறக்கவில்லை என்று சார் சமீருல்லாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமையிலிருந்து எங்கள் மேலேயே பயிற்சி எடுக்க ஆரம்பித்தார். யார் போய் எதைக் கேட்டாலும் பதில் இல்லை, வெறும் பார்வை. புதுப் பிரிண்டர் கேட்கப் போன நெல்வின் பத்து விநாடியில், பழசையே ஓட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். பஸ்ஸில் இடம் போதவில்லை என்று சொல்லப்போன சமீருல்லா, நின்றுகொண்டு வந்தால் உடம்புக்கு நல்லது என்று தானே சொல்லிவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை சார் என்னைக் கூப்பிட்டு, பன்னிரண்டாம் தேதி ஞாயிறு எல்லோருக்கும் டூட்டி, நோட்டீஸ் அடித்துக்கொண்டு வா என்றார். ஹைக்கே மேடம் கேட்காவிட்டால் என்ன, நாமாகவே பதினாலாம் தேதி அனுப்பி அசத்திவிடலாமாம். வியாதி வாயில் இல்லை, உள்ளே இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வெள்ளைத்தாளை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தேன்.

"நோட்டீஸ் அடிக்கல சார். பன்னெண்டாம் தேதி எனக்கு நிச்சயதார்த்தம். நான் வர மாட்டேன். மெஷின் லைனும் ஓட்ட வேணாம். அவங்களே இருபத்து நாலுன்னு சொல்லிட்டாங்க."

சார் பதில் சொல்லவில்லை. பார்த்தார்.

வழக்கமாக இந்த இடத்தில் நான், பரவாயில்லை சார், அடுத்த மாதம் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிடுவேன். இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் பதில் வரும்வரை பொறுக்காமல் வாயைத் திறந்த ஹைக்கே மேடம் திங்கட்கிழமை என்ன ஆனார் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். உதட்டை இறுக்கிக்கொண்டேன். சுவர்க் கடிகாரம் ஓடியது. வெளியே சாப்பாட்டு மணி அடித்து, நானூறு பேரும் எழுந்து போகும் சத்தம் வந்து அடங்கியது. நான் நின்றேன். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் சார் கைக்குட்டையை எடுத்தார்.

"நோ ப்ராப்ளம்" என்றார்.

ஒன்பது வருடத்தில் ஆம்பூர்க்காரி ஒருத்தியிடம் அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு கதவு வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"இவா, வாஹித் பாஷாவ வரச் சொல்லு. அந்த மைக் ஓட்டையப் போட்டுடட்டும்."