மூன்றாம் அமாவாசை வெல்லம்

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் மூன்று அமாவாசை வெல்லம் கரைத்தால் உடம்பில் இருக்கிற கட்டியும் கரைந்துவிடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. குணசுந்தரி இரண்டு அமாவாசை கரைத்துவிட்டாள். இன்று மூன்றாவது. விடிந்தும் விடியாததுமாக வெல்லக் கட்டியோடு படியில் இறங்கி நின்றாள்.

இடது மார்பில் இருப்பது புற்றுநோய்தான் என்று மாவட்ட ஆஸ்பத்திரியில் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. உடனே சென்னைக்குப் போய் வைத்தியத்தை ஆரம்பிக்கச் சொன்னார்கள். இவளும் ஒரு நாள் தனியாகப் போனாள். கால் கடுக்க நின்ற வரிசை மருந்து வாங்குகிற வரிசை என்று தெரியவே பதினோரு மணியாயிற்று. சரியான ஜன்னலைக் கண்டுபிடிப்பதற்குள் அன்றைக்குச் சீட்டு கொடுத்து முடித்துவிட்டார்கள். பெஞ்சில் மூக்குக் குழாயோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி இவளைப் பார்த்து, நீயுமா என்பதுபோல் தலையசைத்தாள். அவ்வளவுதான், அடித்துப் பிடித்து ரயிலேறி வீடு வந்து சேர்ந்தாள்.

வந்தவள் புருஷனிடமாவது வாயைத் திறந்தாளா என்றால் இல்லை. துளசிராமன் நெல் பயிரிட்டுக்கொண்டு மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருக்கிற மனுஷன். தாய்க்கு அந்த வியாதி என்று தெரிந்தால் பெண்ணை யார் கட்டுவார்கள் என்று இவளே முடிவு செய்துகொண்டாள். அமாவாசை வேண்டுதல் மகள் கல்யாணத்துக்காக என்று அவனிடம் ஒரு பொய் வேறு.

இளமதி ஒருத்திக்குத்தான் எல்லாம் தெரியும். மாவட்ட ஆஸ்பத்திரி அனுப்புகிற நோயாளிகளைக் கைபிடித்துச் சென்னை ஆஸ்பத்திரிக்குள் கூட்டிப்போவது அவள் வேலை. எந்த ஜன்னல், எந்தச் சீட்டு, எந்த டாக்டர் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வராமல் நின்றுபோனவர்களைத் தேடிப் போவதும் அவள்தான். அக்கம்பக்கத்துக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று மகளிர் குழு ஆள் மாதிரி மூன்று தடவை ஊருக்கு வந்தாள். இரண்டு தடவை குணசுந்தரி பின்வாசல் வழியாகக் கழனிக்கு ஓடிவிட்டாள். மூன்றாம் தடவை மாட்டிக்கொண்டபோது, மூணாவது அமாவாசை முடியட்டும் என்று கதவைச் சாத்திவிட்டாள். அதோடு போனையும் அணைத்து வைத்தாள். கேட்கிற நமக்கே கோபம் வரும். ஆனால் பயம் பிடித்தவளுக்கு எந்தப் புத்தி ஏறும்?

வெல்லத்தைத் தண்ணீரில் அமிழ்த்தினாள். அது முழுசாகக் கரைந்ததும் ஈரப் புடவைக்குள் கையை விட்டுத் தடவினாள். கட்டி அப்படியே இருந்தது. கொஞ்சம் தள்ளி, அக்குளில், இன்னொன்று நெருடியது. போன அமாவாசைக்கு அது இல்லை. கூட்டத்துக்கு நடுவே படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தோளில் ஒரு கை விழுந்தது. இளமதிதான். விடிகாலையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தேடியிருக்கிறாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தாள் குணசுந்தரி. அவள் திட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணு வந்துகீது இளமதி. லேட் பண்ணிட்டேனா?" என்றாள் குணசுந்தரி.

"தெரியலக்கா. டாக்டரு பாத்துட்டுதான் சொல்லணும். இனிமே ஒரு நாளும் தள்ளக் கூடாது. இன்னிக்கே உன்னப் பாக்கணும்னு டாக்டராண்ட சொல்லி வெச்சிட்டுதான் வந்துகீறேன்."

"டாக்டரு ரூமுக்குள்ள கூட வருவியா?"

"கதவு வரைக்கும் வருவேன். நீ வெளிய வர்ற வரைக்கும் அங்கியே நிப்பேன். ஆனா ஊட்டுக்காரருக்குச் சொல்லிடுக்கா. இத்த ஒண்டியா தூக்கிக்கினு திரிய முடியாது."

அணைத்து வைத்திருந்த போனைப் போட்டுப் புருஷனைக் கூப்பிட்டாள். துளசிராமன் கழனியில் இருந்தான். போனில் மோட்டார் சத்தம் கேட்டது. பிரசாதம் வாங்கிக்கொண்டு வரச் சொன்னான். இரண்டு மாதமாகத் தொண்டையில் நின்றதை அவள் சொல்லிவிட்டாள்.

"எனக்குப் புத்துநோயிங்க. இன்னிக்கே சென்னை ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

அவன் மோட்டாரை நிறுத்தினான். மறைத்ததற்குக் கத்துவான், மகள் பேச்சை எடுப்பான் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"எந்த டிரெயினு?" என்றான். "நான் வராம ஏறிடாத."

இருவரும் பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டார்கள். வெல்லப் பிசுக்கு போகாத கையால் இளமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, வருவானா மாட்டானா என்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் உள்ளே வந்து நின்ற நேரம், முழங்கால் வரைக்கும் கழனிச் சேற்றோடு துளசிராமன் படியிறங்கி ஓடிவந்தான்.