சாவு லயத்துக்குச் சோறு

எல்கடுவ மலையில் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவுக்கு, ஓடைத் தண்ணீரில் ஓடும் ஒரு சின்ன மின்நிலையம்தான் கரண்ட் கொடுத்தது. எந்த நேரம் எவ்வளவு தேவைப்படும் என்று கணித்துத் திட்டம் போட்டவள் ஹம்சிகா. வீடு வீடாகப் போய், எப்போது சமைப்பீர்கள் என்று கேட்டுக் கணினியில் ஏற்றியிருந்தாள். அதை நம்பித்தான் அப்பா அழகமுத்துவை ஒக்சிஜன் மெஷினோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

மூன்றாம் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், ஒரு சாவு. பின்னேரம் அடக்கம். அந்த லயத்தில் இன்று அடுப்பு எரியாது, கரண்ட் பாவனை குறையும் என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

அம்மா நல்லம்மா பெரிய ரைஸ் குக்கரை நிரப்பிச் சுவிட்சைத் தட்டினாள்.

"நமக்கு எதுக்கும்மா இவ்வளவு?"

"நமக்கா? சாவு லயத்துக்குடி. குழியில இருந்து ஆளுங்க வர்றதுக்குள்ள சோறு போவணும். எல்லா லயத்துலயுந்தான் ஆக்குறாங்க. கம்ப்யூட்டர் அம்மாவுக்கு இதெல்லாம் மறந்துபோச்சாக்கும்!"

எல்லா லயத்திலும். ஒரே நேரத்தில்.

பல்ப் மஞ்சளாகி அணைந்தது. மெஷின் ஒருமுறை கத்திவிட்டு நின்றது. அப்பா கண்களை அகலத் திறந்தார்.

மின்நிலையத்திலிருந்த சசிக்குமாருக்குப் போன் எடுத்தாள்.

"இப்ப கரண்ட் குடுத்தா திரும்ப விழும் புள்ள. எல்லாரும் ப்ளக்க கழட்டணும்."

வெளியே ஓடினாள். "குக்கர கழட்டுங்க!"

"அரைவேக்காட்டையா சாவு வீட்டுக்கு அனுப்புறது?" என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

"அப்பாவுக்கு மெஷின் நின்னுருச்சுக்கா!"

அவள் மறுபேச்சின்றிக் கழற்றினாள். அவளுடைய குரல் ஹம்சிகாவை முந்திக்கொண்டு லயம் லயமாகப் போனது. ஆனால் கடைசி லயத்தில் கதவுகள் பூட்டியிருந்தன. குக்கரைப் போட்டுவிட்டுப் பெண்கள் துக்கம் கேட்கப் போயிருந்தார்கள். பூட்டிய வீட்டுக்குத் திட்டத்தில் பாவனையே இல்லை.

"உடைங்கடி!" என்றாள் அடுத்த வீட்டுக்காரி. யாரோ மண்வெட்டியோடு வந்தார்கள். பூட்டுகள் தெறித்தன. உள்ளே புகுந்து ஒவ்வொரு வயராக இழுத்தார்கள். ஹம்சிகா சசிக்குமாருக்குப் போனில் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள்.

கரண்ட் வந்தபோது அப்பாவின் உதடுகள் நீலமாக இருந்தன. மெஷின் மூச்சுவிடத் தொடங்கியது. சிறிது சிறிதாக அவரும்.

வாசலில் பெண்கள் கல் கூட்டி, விறகு வைத்து, பாதி வெந்த சோற்றைப் பானைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். "புகை உள்ள வராம கதவ சாத்துடி" என்றாள் நல்லம்மா.

ஹம்சிகா சாத்தினாள். அதன்பிறகு வெளியே யார் எந்த ப்ளக்கைத் திரும்பச் செருகுகிறார்கள் என்று தெரியவில்லை. அப்பாவின் நெஞ்சில் கையை வைத்தபடி, பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.