ஒட்டு தெரியாத வளையல்

என் மனைவி எங்கள் நகைக்கடைப் படியில் வழுக்கி விழுந்தபோது நான் முதலில் பார்த்தது அவள் கையை அல்ல, கையில் கிடந்த வளையலை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நான் முதன்முதலாகச் செய்த தங்க வளையல். இருபத்திரண்டு வருஷமாக அவள் இடது கையை விட்டு இறங்கியதில்லை.

எதிரில் இருக்கும் ஆஸ்பத்திரியில் உட்காருவதற்குள் மணிக்கட்டு வீங்கிப் புடைத்துவிட்டது. நர்சம்மா சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். வளையல் அசைந்து கொடுக்கவில்லை.

"விரலெல்லாம் வெளுத்துக்கிட்டு வருது. வெட்டித்தான் எடுக்கணும்" என்று ஒரு பெரிய கட்டரை எடுத்தார். கம்பி வேலி வெட்டுகிற சாமான் மாதிரி இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதை வைங்கம்மா கீழே! செஞ்சவன் நான் நிக்கிறேன். நானே அறுத்து எடுக்கிறேன்."

"பத்து நிமிஷம். அதுக்கு மேல நான் வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போய் நூல் ரம்பம், குறடு, தகரத் துண்டு, கண்ணில் மாட்டும் லென்ஸ் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்தேன்.

வளையலை, இரண்டு முனையும் சேரும் ஒட்டு இருக்கும் இடத்தில் அறுத்தால், பிறகு அதே இடத்தில் பற்றாசுப் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்துவிடலாம். வேறு எங்கே அறுத்தாலும் இரண்டாவது ஒட்டு விழும். ஆனால் அந்த ஒட்டு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

தெரியக்கூடாது என்றுதானே செய்தேன்! கடைக்கு வருகிறவர்களிடம் அவள் கையை நீட்டச் சொல்லி, "ஒட்டைக் கண்டுபிடிங்க, வளையல் உங்களுக்கே" என்று பந்தயம் கட்டாத நாள் உண்டா? ஒருவரும் ஜெயித்ததில்லை. இப்போது நானே தோற்றுக்கொண்டிருந்தேன். வெளிப்பக்கம் முழுக்க ஒரே மெருகு; உள்பக்கம் வீக்கத்தில் புதைந்து கிடந்தது.

"அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்றார் நர்சம்மா.

"ஏங்க, எங்கயாவது அறுங்க. கை மரத்துப் போச்சு" என்றாள் இவள்.

"சும்மா இருக்கியா கொஞ்சம்? இங்கதான் எங்கயோ இருக்கு!"

என் குரல் அந்த அறைக்கு ரொம்பப் பெரிதாக இருந்தது. அவள் விரல் நுனிகளில் நீலம் ஏறியிருந்தது. ரம்பத்தை வளையல்மேல் வைத்தேன், எடுத்தேன், தள்ளி வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். வலது கைக் கட்டைவிரல் நகத்தை வளையலின் உள்விளிம்பில் செருகினாள். அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. நகம் நேராகப் போய் ஓரிடத்தில் நின்றது.

"இங்க. ஒரு சின்னக் குழி இருக்கு பாருங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் மாசமே தெரியும். அறுங்க மொதல்ல."

தகரத் துண்டைத் தோலுக்கும் வளையலுக்கும் நடுவே நுழைத்து அறுத்தேன். இருபது இழுப்பில் விட்டுக்கொடுத்தது. குறடால் விரித்து எடுத்ததும் விரல்கள் மெல்லச் சிவந்தன. நர்சம்மா கட்டரைக் கீழே வைத்தார்.

"பந்தயப்படி வளையல் எனக்குத்தானே?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இத்தனை வருஷமா ஏன் வாயைத் திறக்கல?"

"சொன்னா உங்க மூஞ்சி தொங்கிப் போயிடுமே. அதோட, அது எனக்கு வேணும். நீங்க கத்தும்போதெல்லாம் அந்தக் குழியத்தான் தடவிக்கிட்டு இருப்பேன். இல்லேன்னா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மறுபடி ஒட்டும்போது அதை அடைச்சுடாதீங்க."

நர்சம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாவுக்கட்டுப் போட அவளை உள்ளே கூட்டிப் போன பிறகு, பெஞ்சில் உட்கார்ந்து லென்ஸை மாட்டிக்கொண்டேன். அறுத்த வாயை ஒட்டிக் குழி இருந்தது. பொடி சரியாக உருகி ஓடாததால் வந்த என் கைப்பிழை. புதிதில் அதன் ஓரம் நகத்தைக் கீறும் அளவுக்குக் கூராக இருந்திருக்கும். இப்போது தேய்ந்து வழவழவென்று, ஒரு கட்டைவிரல் நுனி உட்காரும் பள்ளமாகியிருந்தது. வெறும் விரலால் தங்கம் இவ்வளவு தேய எத்தனை தடவை தடவ வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.