இரவல் தூக்கம்

அந்தப் பேருந்துப் பணிமனையின் ஓய்வறைச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. டீயை வாங்கிக்கொண்டு திரும்பினால் கண் நேரே அதில்தான் போகும். முதல் நாள் இரவு யார் அயர்ந்து தூங்கினார்கள், யார் புரண்டு புரண்டு படுத்தார்கள், யார் பாதியில் எழுந்து உட்கார்ந்தார்கள் என்று ஒவ்வொருவர் பெயருக்கு நேரே வரும். கட்டிய மனைவிக்கே தெரியாத சங்கதியெல்லாம் டிக்கெட் பரிசோதகருக்குத் தெரிந்துவிடும். ஏழு மாதமாக அந்தத் திரையின் உச்சியில் நம்முடைய டிரைவரின் பெயர்தான் நின்றது. ஆனால் அது அவருடைய தூக்கமே இல்லை.

எல்லாம் கைப்பட்டையால் வந்த வினை. டிரைவர்கள் எல்லோருக்கும் கம்பெனி ஆளுக்கொரு கறுப்புப் பட்டை கொடுத்தது. படுக்கும்போது மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். அடிப்பக்கம் ஒரு பச்சை வெளிச்சம் தோலைப் பார்த்து மினுக்கிக்கொண்டே இருக்கும். போதுமான தூக்கம் இருந்தால் காலையில் வண்டி கிடைக்கும். இல்லாவிட்டால் அன்றைக்கு ஷெட்டில் நின்று வண்டி கழுவ வேண்டியதுதான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கண் சொருகும் ஆளிடம் ஐம்பது உயிரை ஒப்படைக்க யாருக்கு மனம் வரும்? டிரைவரே முதல் ஆளாகத் தலையாட்டினார்.

அதுவரை தலையணையில் தலை பட்டதும் தூங்கிப்போகிற மனுஷர் அவர். பட்டையைக் கட்டிய முதல் ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருந்தார். கண்ணை மூடினால், எவனோ பக்கத்தில் உட்கார்ந்து இவர் தூங்கிவிட்டாரா என்று குனிந்து குனிந்து பார்ப்பதுபோல இருந்தது. பால் குடித்துப் பார்த்தார். வெந்நீரில் காலை வைத்துப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. பட்டையைக் கழற்றி வைத்தால் ஐந்து நிமிஷத்தில் குறட்டை, கட்டினால் சிவராத்திரி. இப்படியே நாலைந்து நாள் போனதில் ஸ்டியரிங் பிடித்த கையில் தண்ணீர்க் குழாய் வந்து உட்கார்ந்துகொண்டது.

வழி சொன்னது அவர் மனைவி. "வீட்டுல ஒருத்தன் சும்மா தூங்கிக்கிட்டுத்தானே இருக்கான்? அதைக் கொஞ்சம் பிரயோஜனமாத் தூங்கட்டுமே" என்றாள்.

அந்த ஒருத்தன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. வீட்டில் அவனுக்குப் பெயரே தூங்குமூஞ்சி. சோபாவில் தூங்குவான், தரையில் தூங்குவான், ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவன் அப்படியே சுவரில் சாய்ந்து தூங்குவான். கடைக்குப் போய்விட்டு மாடிப்படி ஏறி வந்தால் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. கிடங்கில் ஒரு வேலை கிடைத்தது. பெட்டி தூக்கச் சொன்னால் பெட்டிமேல் உட்கார்ந்துவிடுகிறான் என்று சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அக்கா திட்டும்போது அவனும் சேர்ந்து சிரிப்பான். கோபித்துக்கொள்ளக்கூட அவனுக்குச் சோம்பல் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை இதான் மாமா. இப்பத்தான் ஒரு கம்பெனி மதிச்சு எடுத்திருக்கு" என்று கையை நீட்டினான். பட்டை அவன் மணிக்கட்டுக்குப் போனது. டிரைவர் வெறுங்கையோடு படுத்து நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாளே டிரைவரின் பெயர் திரையில் விறுவிறுவென்று மேலேறிவிட்டது. நிதானமான துடிப்பு, அசையாத உடம்பு, ஆழமான உறக்கம் என்று இயந்திரம் அவனுடைய தூக்கத்தை மெச்சிக்கொண்டது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று டிரைவர் நினைத்தார். அவரும் தூங்குகிறார், வண்டியும் பத்திரமாக ஓடுகிறது. கணக்கு மட்டும்தான் கை மாறுகிறது.

தூக்கத்தோடு இன்னொன்றும் கை மாறியது. காலையில் அவர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது மைத்துனன் வந்து பட்டையைக் கழற்றிக் கொடுப்பான். கொடுத்துவிட்டுக் கதவில் சாய்ந்துகொண்டு, "உங்க பேர்லதானே தூங்கினேன். அதனால இந்தக் கனவும் உங்களுக்குத்தான்" என்று ஆரம்பிப்பான். ஒரு நாள் கடல் கிளம்பி வந்து ஜன்னல் விளிம்புவரை நின்று, வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை என்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனது. இன்னொரு நாள் தெருவிலிருந்த வீடுகள் எல்லாம் கதவைக் கழற்றி வைத்துவிட்டு வெயில் காய்ந்தன. வேறொரு நாள் பேருந்து நிறைய ஆட்கள் நின்றபடியே உறங்க, மைத்துனன் ஒவ்வொருவர் தோளிலும் சால்வை போர்த்திக்கொண்டே போனான்.

டிரைவர் அந்தக் கனவை வாங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போவார். பனி மூடிய காலையில் சிக்னலுக்காக நிற்கும்போது அது மெல்ல எழுந்து வந்து கண்ணாடியில் படியும். ஒரு முறை பாலத்தின்மேல் போகையில், தண்ணீர் ஜன்னல்வரை வந்துவிட்டதா என்று நிஜமாகவே எட்டிப் பார்த்தார். தனக்கென்று கனவே வருவதில்லையே என்று அப்போதுதான் நினைவு வந்தது. அதனாலென்ன, இது போதும் என்று இருந்தது அவருக்கு. உண்மையைச் சொன்னால், அந்தப் பையன்மேல் அவருக்குப் பாசம் வந்ததே இந்தக் கனவுகளால்தான்.

கொஞ்ச நாளாக ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது.

"நான்தான் பஸ் ஓட்டுறேன் மாமா. நடுரோட்டுல தானா நின்னுடுது. என்ஜின் சத்தம் இல்ல, காத்து இல்ல, ஒண்ணுமே இல்ல. யாரும் பயப்படல. நானும் பேசாம காத்துக்கிட்டு இருக்கேன். அப்புறம் அதுவாக் கிளம்புது."

"டீசல் போட்டியா மாப்ள?" என்று கேட்டு டிரைவர் சிரித்தார்.

"கனவுலகூட வண்டியை உருப்படியா ஓட்டத் தெரியல" என்றாள் உள்ளேயிருந்து அக்கா.

அந்த வாரக் கடைசியில் மேலாளரம்மா டிரைவரைக் கூப்பிட்டு அனுப்பினாள். கெட்டவள் இல்லை. மேலிடத்துக்கும் டிரைவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, எந்நேரமும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறவள். யாரையும் உட்காரச் சொல்ல அவளுக்கு நேரம் இருந்ததில்லை. அன்றைக்கு "உக்காருங்க" என்றதுமே டிரைவர் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டார். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று நினைத்தார்.

அவள் கணினியை அவர் பக்கம் திருப்பினாள். மேடும் பள்ளமுமாக ஒரு கோடு ஓடியது. நடுவில் ஓர் இடத்தில் மேடுமில்லை, பள்ளமுமில்லை. வெறும் கோடாகக் கிடந்தது. பிறகு மறுபடி ஏறி இறங்கத் தொடங்கியது.

"தூக்கத்துல உங்க இதயம் நின்னு நின்னு ஓடுது. போன வாரம்தான் இதைக் கண்டுபிடிக்க மெஷினுக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க. தினமும் ராத்திரி இருக்கு."

டிரைவர் பதறிப்போய்த் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகுதான் உறைத்தது. நடுரோட்டில் நின்றுபோன அந்தப் பேருந்து கண்முன் வந்தது.

பக்கத்து அறையிலேயே கம்பெனி டாக்டர் காத்திருந்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி, ஒயர்களை ஒட்டி, நடக்கவிட்டு, படுக்கவிட்டு, கடைசியில் காதுக்குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"குதிரை மாதிரி இருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. மெஷின்தான் உளறியிருக்கு. அப்படியே எழுதிடறேன். பழைய பதிவை அழிச்சிட்டு வேற பட்டை குடுத்துடுவாங்க. நாளைக்கே வண்டி எடுக்கலாம்."

"ஒருவேளை அது உளறலைன்னா டாக்டர்?"

"அப்ப அந்த ஆள் நடமாடுறதே பெரிய விஷயம். மாடிப்படி ஏற முடியாது. எந்நேரமும் அசதி, தூக்கம். பாக்குறவங்க சோம்பேறின்னு நினைப்பாங்க. ஒரு நாள் நின்னது நின்னதுதான்."

டிரைவர் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போனா கண்டுபிடிச்சிடுவாங்கல்ல?"

"எப்பவாவது நிக்கிற இதயம், நாம பாக்கிறப்ப ஒழுங்கா ஓடும். எத்தனை நாள் படுக்கவெச்சுப் பாக்கணுமோ. இந்தப் பதிவைக் காட்டினா இன்னிக்கே சேத்துக்குவாங்க. ஆனா இது உங்களுது. உங்களுக்குத்தான் ஒண்ணுமில்லையே."

சொல்லிவிட்டு விசைப்பலகையில் கை வைத்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் டிரைவர் மனத்தில் ஓடாததெல்லாம் ஓடியது. பேசாமல் இருந்துவிட்டால் வண்டி மிஞ்சும். வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான். மைத்துனனை நாளைக்கு வேறு டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம். பதிவு இல்லாவிட்டால் என்ன, எத்தனை நாள் ஆனாலும் கண்டுபிடிக்காமலா போய்விடுவார்கள்? கண்டுபிடிக்கும்வரை ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் பேருந்து நடுரோட்டில் நிற்கும். அவன் பயப்படாமல் காத்திருப்பான். ஒரு ராத்திரி அது கிளம்பாது. காலையில் கதவில் சாய்ந்துகொண்டு கனவு சொல்ல யாரும் வரமாட்டார்கள்.

"அழிக்காதீங்க டாக்டர்" என்றார். "அது என் இதயம் இல்ல. என் மச்சினனோடது."

மேலாளரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சத்தம் போடவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அங்க நிக்கிறாரே, அவர்கிட்ட உங்களைப் பாத்துக் கத்துக்கச் சொன்னேன்" என்றாள். ஷெட்டில் மீசைக்கார டிரைவர் ஒருவர் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். நீண்ட தூர வண்டி ஓட்டியவர். "உங்க தூக்கத்தைத்தான் அளவா வெச்சோம். ஒரு சீக்காளிப் பையன் தூக்கத்தைக் காட்டி எத்தனை பேரை வண்டியிலேருந்து இறக்கியிருக்கேன்!"

யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்குக் கூசிப்போயிற்று. அந்த மீசைக்காரர் தினமும் இவரைப் பார்த்து, "குடுத்துவெச்சவன்யா நீ" என்பார்.

"தூக்கம் வரலைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள் அவள்.

"சொல்லியிருந்தா வண்டி குடுத்திருப்பீங்களாம்மா?"

அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். அவளுடைய மணிக்கட்டிலும் ஒரு பட்டை இருந்தது. பதிவுகளை ஆஸ்பத்திரிக்கு அவளே அனுப்பிவைத்தாள். பட்டையையும் அடையாள அட்டையையும் மேஜைமேல் வைத்துவிட்டு டிரைவர் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்தபோது மதிய வெயில் திரைச்சீலை வழியாக மஞ்சளாக இறங்கியிருந்தது. மைத்துனன் சோபாவில் உறங்கிக்கொண்டிருந்தான். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, பகல்லயே வந்துட்டீங்க? அந்தத் தூங்குமூஞ்சியைக் கொஞ்சம் எழுப்புங்க" என்றாள்.

டிரைவர் பக்கத்தில் மண்டியிட்டு அவன் நெஞ்சையே பார்த்தார். அது மேலே ஏறியது, இறங்கியது. அறை முழுக்க அந்த மஞ்சள் வெளிச்சம் அசையாமல் நின்றது. மறுபடி ஏறுமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஏறியது. அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டுவதைப் பார்த்துத் துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள் மனைவி.

விஷயம் தெரிந்ததும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "சோம்பேறி சோம்பேறின்னு வாய் ஓயாம திட்டினேனே, பாவி! உள்ள அவன் என்ன பாடு பட்டிருக்கான்!" ஆம்புலன்ஸ் வரும்வரை தம்பியின் கையை அவள் விடவேயில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் மார்புக்குள் தீப்பெட்டியைவிடச் சிறிய கருவி ஒன்றை வைத்துத் தைத்தார்கள். இதயம் நிற்கப் பார்த்தால் அது தட்டி எழுப்பும். டிரைவர்மேல் விசாரணை நடக்கிறது. வேலை போகும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஓய்வறைத் திரையை இரண்டு நாள் அணைத்து வைத்திருந்துவிட்டு மறுபடி போட்டுவிட்டார்களாம். உச்சியில் இப்போது வேறு பெயர். அது யாருடைய தூக்கமோ, யார் கண்டது?

தையல் பிரித்த அன்று மதியம் டிரைவர் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தவாறே கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது மைத்துனன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் நிறம் வந்திருந்தது.

"மாமா, ரொம்ப நேரமா முழிச்சுக்கிட்டு இருக்கேன். தூக்கமே வரல. எனக்கே அதிசயமா இருக்கு" என்றான். மார்பைத் தொட்டுக் காட்டி, "இது ஒவ்வொரு துடிப்பையும் எண்ணி ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு அனுப்புமாம். நல்லா மாட்டினேன் பாத்தீங்களா! இதைக் கழட்டி யார்கிட்டயும் குடுக்க முடியாது" என்று சிரித்தான்.

டிரைவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப எனக்கு ஒரு கனவு வந்துச்சு மாப்ள. எத்தனையோ மாசம் கழிச்சு. ஆனா உன் பேர்லதான் வந்துச்சு, நீயே வெச்சுக்க. நீ பஸ் ஓட்டுற."

மைத்துனனின் முகம் மாறியது. "நின்னுச்சா மாமா?"

"எங்க நின்னுச்சு? ஸ்டாப்புலகூட நிக்கல. ஜனங்க உன்னைத் திட்டிக்கிட்டே பின்னாடி ஓடி வந்து ஏறுனாங்க. நானும் ஓடி வந்துதான் ஏறுனேன்."