நனையாத நாய்களின் பதிவேடு

பட்டர்வொர்த் பக்கத்துப் பாகான் டாலாம் இன நாய்கள் மழையில் நனைவதில்லை. குழாய்த் தண்ணீரில் நனையும், சாக்கடையில் இறங்கினால் கால் சேறாகும், குளிப்பாட்டினால் எல்லா நாயையும் போல உதறிச் சுவரை நாசமாக்கும். மழை மட்டும் அவற்றின் முதுகுக்கு ஒரு சாண் மேலே வந்ததும் இரண்டு பக்கமும் விலகிக் கீழே விழுந்துவிடும். பார்வைக்குப் பழுப்பு நிறத் தெருநாய்தான். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற கந்தப்பு, கை சும்மா இருக்க மாட்டாமல், 1987இல் இவற்றுக்கு ஒரு பதிவகம் தொடங்கினார். மழை நாளில் நாயைத் தன் வீட்டு வாசலில் கால் மணி நேரம் நிறுத்துவார். பிறகு மையொற்றுத் தாளை அதன் முதுகில் அழுத்தி எடுப்பார். தாள் ஈரமானால் ஒரு பிஸ்கட் கொடுத்து அனுப்பிவிடுவார். ஈரமாகாவிட்டால் அந்தத் தாளையே பதிவேட்டில் ஒட்டி, நாயின் பெயர், தாயின் பெயர், தெரிந்தால் தகப்பன் பெயர் எழுதிக் கையெழுத்திடுவார். அவர் காலமான பிறகு மகன் ஹரிசங்கர் அதையே செய்துவருகிறார். ஜார்ஜ்டவுனிலிருந்து பாலம் கடந்து காரில் நாயோடு வருகிறவர்களும் உண்டு. வழியில் வானம் வெளுத்துவிட்டால் திரும்பிப் போய் அடுத்த மழைக்கு வருவார்கள்.

இத்தனை வருடத்தில் இதைப் பற்றி எவரும் ஒரு வரி எழுதியதில்லை. எழுத என்ன இருக்கிறது? பட்டர்வொர்த்தில் வெயில் அடிக்கிறது என்று யாராவது எழுதுவார்களா? ஒரு தடவை தமிழ்ப் பத்திரிகை நிருபர் ஒருவர் வந்தார். கொட்டும் மழையில் ஏழு நாய்கள் உலர்ந்து நிற்பதைக் கண்ணாரக் கண்டார். மறுநாள், 'பதிவகத்துக்கு எதிரே அடைத்துக் கிடக்கும் சாக்கடை' என்று செய்தி போட்டார். சாக்கடையை உடனே சரிசெய்தார்கள். நல்ல நிருபர்தான்.

பதிவகம் நாலு பேருக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி சந்திரிகாவுக்குத்தான் வந்தது. மாக் மண்டின் பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். மகள் தனுஜா ஜொகூருக்கு வேலைக்குப் போன பிறகு, பிளாட்டில் அவரும், காப்பி நிறத்தால் கோப்பி என்று பெயர் பெற்ற நாயும் மட்டும்தான். கோப்பியின் பதிவு எண் 398. யாரோ புகார் கொடுக்க, பிளாட் நிர்வாகக் குழுத் தலைவர் சுகுமாரன் சட்டப் புத்தகத்தை எடுத்தார். சாதி நாய் என்றால் வைத்துக்கொள்ளலாம், தெருநாய்க்கு இடமில்லை. ஒரு மாதத்துக்குள் நாய் போகவேண்டும், இல்லையென்றால் நாயோடு சேர்ந்து சந்திரிகா போகவேண்டும். அந்த வாடகைக்கு அந்த வட்டாரத்தில் வேறு வீடு கிடையாது. சந்திரிகா பதிவகச் சான்றிதழைக் காட்டினார். சுகுமாரன் தன் கைப்பேசியில் தேடிப் பார்த்தார்; அப்படி ஒரு சாதி எங்கும் வரவில்லை. கோப்பி உலர்ந்தபடி மழையில் நடப்பதைத் தன் ஜன்னலிலிருந்து எத்தனையோ தடவை பார்த்தவர்தான் அவர். உலர்ந்திருப்பது வேறு, சாதி வேறு என்றார்.

"நெட்டுல இல்லாத சாதி எங்கக்கா இருக்கும்? அதுல ஒரு பக்கம் வரட்டும், நான் விட்டுர்றேன்லா."

தனுஜா ஜொகூரில் இருந்தபடியே இரண்டு இரவு உட்கார்ந்து, இணையக் கலைக்களஞ்சியத்தில் பதிவகத்துக்கு ஒரு பக்கம் எழுதினாள். மூன்றாம் நாள் அதன் தலையில், போதிய ஆதாரம் இல்லாததால் இதை நீக்குவது பற்றி ஏழு நாள் விவாதம் நடக்கும் என்ற பலகையை யாரோ மாட்டிவிட்டுப் போனார். எந்த நாட்டுக்காரர் என்றுகூடத் தெரியாது. தனுஜா ஆதாரங்களை அடுக்கினாள். சாக்கடைச் செய்தி தள்ளுபடியானது; அதில் பதிவகத்தின் பெயர் போகிறபோக்கில்தான் வருகிறது. பத்தொன்பது வருடத் தீபாவளி வாழ்த்து விளம்பரங்கள், கந்தப்புவின் புகைப்படத்தோடு வந்தவை. காசு கொடுத்துப் போட்டது செல்லாது. கோயில் கும்பாபிஷேக மலரில் அரைப் பக்கம், அதுவும் அப்படியே. யாரோ சுற்றுலாப் பயணி எடுத்த காணொளியை மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் பொறுமையாக விளக்கினார்: நாய் நனைகிறதா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை, அது நனையவில்லை என்பது நன்றாகத் தெரிகிறது, சம்பந்தமில்லாத ஒருவர் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

ஐந்தாம் நாள் காற்று கொஞ்சம் திசை மாறியது. யாரோ இரண்டு பேர் பக்கம் இருக்கட்டும் என்றார்கள். பதிவேட்டின் படங்களைப் பார்த்து அசந்துபோன மூன்றாமவரும் சேர்ந்துகொண்டார். அப்போது ஒருவர், இந்தப் படங்களைத் தந்தவருக்கும் பதிவகத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று கேட்டார். படங்களைத் தந்தவர் ஹரிசங்கர். வேலையிலிருந்த சந்திரிகா சாப்பாட்டு நேரத்தில் அவரை அழைத்தார்.

"அண்ணே, நீங்க யாருன்னு சொல்லவே வேணாம்லா. ரெண்டு நாளு சும்மா இருங்க, போதும்."

"எழுத்தில கேட்டிருக்கினம், தங்கச்சி. பதில் எழுதாமல் இருக்கேலாது."

ஒரு நாய்க்குத் தகப்பன் யாரென்று உறுதியாகத் தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடும் குடும்பம் அது. தான்தான் பதிவாளர் என்றும், தொடங்கியவர் தன் தகப்பனார் என்றும், இங்கே காட்டப்பட்ட தாள்கள் அனைத்தும் தங்கள் வீட்டு மேசையில் உண்டானவை என்றும் அவர் நான்கு வரியில் எழுதி, கீழே முழுப் பெயரும் போட்டார். சம்பந்தப்பட்டவரே தந்த ஆதாரம் செல்லாது என்று ஏழாம் நாள் பக்கம் நீக்கப்பட்டது. சந்திரிகாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஹரிசங்கரின் அழைப்பை எடுக்கவில்லை. அழுதுகொண்டே சட்டிபானைகளைப் பெட்டியில் அடுக்கினார். நாயை விட்டுவிடுவது பற்றி அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஹரிசங்கருக்கும் பக்கம் போன பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் தலைவர் கேட்ட விஷயத்துக்கு முடிவு வந்துவிட்டது. அதை அவருக்கு முறைப்படி தெரிவிக்கவேண்டியது பாக்கி. விவாதம் முழுவதையும் அச்செடுத்தார். இருபத்திரண்டு தாள் வந்தது. சட்டையை உள்ளே விட்டு, சுகுமாரன் வீட்டுக்குப் போய், பக்கம் நீக்கப்பட்டுவிட்டது, விவரம் இதில் இருக்கிறது என்று கொடுத்தார். சுகுமாரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி விடாமல் படித்தார். பேனாவால் பெயர்களை எண்ணினார். முப்பத்தாறு பேர். நார்வேக்காரர் ஒருவர் மட்டும் பதினொரு தடவை எழுதியிருந்தார். படித்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

"இல்லாத ஒண்ணுக்கு முப்பத்தாறு பேரு ஏழு நாளா சண்ட போடுவாங்களா? என் வீட்டு நாயப் பத்தி ஒருத்தன்கூட ஒண்ணும் எழுதுனதில்லையே."

பக்கம் நீக்கப்பட்டது உண்மை என்று ஹரிசங்கர் மறுபடியும் நினைவூட்டினார். நீக்குவதற்கு முதலில் ஒன்று இருந்தாக வேண்டுமே என்று சொல்லிவிட்டு, சுகுமாரன் சந்திரிகாவைக் கூப்பிட்டனுப்பினார். அவர் சாவியை ஒப்படைக்கும் எண்ணத்தோடு வந்தார். மேசையில் பிராணி வளர்ப்பு அனுமதிப் படிவம் இருந்தது. இனம் என்ற இடத்தில் 'பாகான் டாலாம்' என்று தலைவரே எழுதியிருந்தார். சந்திரிகா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு ஹரிசங்கரைப் பார்த்து, அண்ணே, கோப்பி குடிச்சிட்டுப் போங்க என்றார், அழுதபடியே. படிவத்தின் கீழே விதிகள் இருந்தன. கழுத்தில் பட்டை வேண்டும், நடைபாதையில் கட்டக்கூடாது. மூன்றாவது, மழையில் நனைந்த நாயைத் துடைத்த பிறகே லிப்டில் ஏற்ற வேண்டும் என்பது. சுகுமாரன் அதன் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'பொருந்தாது' என்று எழுதி, சிறு கையெழுத்தும் இட்டுக் கொடுத்தார்.