குஞ்சுகள் குதிக்கிற நேரம்

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. "வாத்தைப் பற்றி யார் படிப்பார்கள்? அந்தப் பெண்ணுக்கு ஒரு சோகம் வையுங்கள்" என்றார் பத்திரிகை ஆசிரியர். வைக்க மாட்டேன்.

2

வடகிழக்குச் சீனாவின் சாங்பாய் மலையடிவாரத்தில் பனி உருகி, ஆறு வெள்ளிக்— (வர்ணனை. அடித்துவிட்டேன்.)

வாத்திலிருந்தே தொடங்குகிறேன். சீப்பே படாத தலைபோல ஒரு கொண்டை. விலாவில் மீன்செதில் கோடுகள். ஒடுங்கிய சிவப்பு அலகு. ஓரமெல்லாம் ரம்பப்பல், நுனியில் கொக்கி. தலையை மட்டும் நீருக்குள் விட்டு மீன் தேடும், கண்டதும் முங்கிவிடும். தெளிந்த ஓடுநீர் இல்லாவிட்டால் அதற்குப் பிழைப்பில்லை. முட்டையிடுவது மட்டும் கரையோர மரப்பொந்தில். பெட்டை அடைகாக்க உட்கார்ந்ததும் ஆண் கம்பி நீட்டிவிடும். (அவனை நல்லவனாக்க இரண்டு வரைவு எழுதினேன். அவன் திரும்பி வரவே இல்லை.)

3

லுவான் யூமெய் எங்கள் ஆற்றில் சவாரிப் படகுத்துறையில் வேலை பார்ப்பவள். துறை வாயில் குறுக்கே ஒரு கயிறு. அவள் தளர்த்தினால்தான் ரப்பர் படகுகள் ஆற்றில் இறங்கும். இன்று பருவத்தின் முதல் சவாரி. இன்றைக்கென்று பார்த்து, துறைக்கு மேலே நிற்கும் எல்ம் மரப்பொந்திலிருந்து வாத்துக் குஞ்சுகள் குதிக்கத் தொடங்கின. தாய் கீழே நீரில் நின்று கூப்பிட்டது. ஒன்று குதித்தது, புல்லில் பந்தாக உருண்டு தண்ணீருக்கு ஓடியது.

"அண்ணி, கயித்த விடுங்க! ஜனங்க கத்துறாங்க." துறையை நடத்தும் கொழுந்தன் பாவ்ஷான்.

"கத்தட்டும். இப்ப படகு போனா தாய் பறந்துரும். மிச்சமெல்லாம் பொந்துக்குள்ளயே கெடந்து சாகும்."

"நம்ம மீனத் திங்குற திருட்டு வாத்து அண்ணி அது!"

"நம்ம மீனா? நீ தீனி போட்டு வளத்தியாக்கும்!"

படகில் யாரோ சிரித்துவிட்டார்கள். பாவ்ஷானுக்கு முகம் சிவந்தது. "நாளையிலேருந்து வேலைக்கு வராதீங்க!"

"வரல. இன்னிக்கு நான்தானே வேலையில இருக்கேன்?"

4

ஆசிரியர் கேட்ட சோகம்: யூமெய் முன்பொரு நாள் தன் குழந்தையை— (பொய். இரண்டு பையன்கள், இரண்டும் தடியன்கள்.) ஒரு உயிருக்கு வழிவிட முன்கதை எதற்கு?

முடிவு ஒன்று: பயணிகள் கைதட்ட, பாவ்ஷான் மனம் மாறுகிறான். (சீ!)

முடிவு இரண்டு: பாவ்ஷான் கயிற்றைப் பிடுங்குகிறான். தாய்— எழுத மாட்டேன்.

5

கடைசிக் குஞ்சு பொந்து வாயில் நின்று தயங்குகிறது. பாவ்ஷான் கையை நீட்டிக்கொண்டு வருகிறான். யூமெய் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். "இப்ப இழு பாக்கலாம்!"

இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். வாசகரே, நீங்கள் அந்தப் படகில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். கத்துவதும் சும்மா இருப்பதும் உங்கள் பாடு. சீக்கிரம் கதையை முடி என்பதும் கத்துவதுதான்.